கூழன் சக்கைப் பாகு

தாணுவையருக்கு இனிமேல் சீனி கூடாது என்று டாக்டர் சொன்ன வருஷத்தில் ஊரிலேயே சீனி இல்லை. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, யுத்த காலம். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் சம்பா அரிசிக்குப் பதில் கோதுமையும் புழுத்த கம்பும் அளந்து போட்டார்கள். கரமனை அக்ரகாரத்து மாமிகள் அதுவரை கையால் தொடாத மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைக் கொல்லைவழியாக வாங்கி, அடுத்தாத்துக்குத் தெரியாமல் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தாத்திலும் அதேதான் வெந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

"இல்லாத சீனியைச் சாப்பிடாதேங்கறதுக்கு ஒரு டாக்டரா?" என்று தெரு சிரித்தது. தாணுவையர் ஆத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்றால் இரண்டு பேர்தான். அவரும் அவர் அகமுடையாள் அனந்தலக்ஷ்மியும். குழந்தை குட்டி கிடையாது.

தாணுவையர் கல்யாணச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் தேகண்டக்காரர் என்போம். ஐந்நூறு இலை போடுகிற கல்யாணமானாலும் கையில் ஒரு காகிதம் இல்லாமல் சாமான் சொல்லுவார். அவருடைய சக்கைப் பிரதமனுக்காகவே, அதாவது பலாப்பழப் பாயசத்துக்காகவே, முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. கும்ப மாசத்தில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பிரதமனே கொதித்துத் தெறித்து அவர் இடது புறங்காலில் ஒரு கை அகலத்துக்கு விழுந்தது. தேகண்டக்காரனுக்கு இதெல்லாம் ஒரு புண்ணா? வாழைக்குருத்தை வைத்துக் கட்டிக்கொண்டு பந்தி முடிகிற வரைக்கும் நின்றார். மீன மாசம் போயிற்று, மேட மாசம் வந்தது, புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் பிரமேகம், அதாவது சர்க்கரை வியாதி என்று தெரிந்தது.

டாக்டர் மலையாளி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: "அரியாகாரம் பாடில்ல. சீனி, சர்க்கரை, தேன், கிழங்கு பாடில்ல. மதுரம் ஒந்நும் வேண்டா, கேட்டோ? பத்தியம் தெற்றியால் காலு போகும்."

சோறு கூடாது, இனிப்பு எதுவும் கூடாது, பத்தியம் தப்பினால் கால் போய்விடும் என்று அனந்தலக்ஷ்மி கதவோரம் நின்று அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். பத்தியம் என்றால் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாலு வயசில் இந்த ஆத்துக்கு வந்ததிலிருந்து ஒரு ஏகாதசி தவறவிட்டவள் இல்லை. அன்றைக்கு ஒரு பருக்கைச் சோறு வாயில் பட்டால் பாபம். பழம் சாப்பிடலாம், பால் சாப்பிடலாம். தாரிலிருந்து நாலு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "ஒண்ணும் சாப்பிடலே, உபவாசம்" என்று சொல்லிக்கொள்வது எங்கள் தெருவில் பொய் ஆகாது. பழம் சாப்பாட்டுக் கணக்கில் வராது. இது யாரும் யாருக்கும் சொல்லித் தெரிந்த விஷயமில்லை. வெயில் சுடும் என்பது போலத்தான்.

அவள் டாக்டர் சொன்ன பத்தியத்தையும் ஏகாதசி மாதிரியே நடத்தினாள். அரிசிப் பானையைப் பரணில் ஏற்றினாள். கோதுமைக் கஞ்சி, கீரை, மோர். தாணுவையர் முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினார். விழுங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். காப்பி.

"இது காப்பியா, கஷாயமா?"

"சீனி கூடாதுன்னு சொல்லியிருக்காளேன்னா."

"அப்போ காப்பியும் வேண்டாம்."

அப்படியே வைத்துவிட்டார். மறுநாளும் வைத்தார். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடித்த மனுஷன். விடிகாலையில் கல்யாண அடுப்பு மூட்டும் முன் ஒன்று, பந்திக்குப் பந்தி ஒன்று என்று முப்பது வருஷம் காப்பியிலேயே நின்றவர். காப்பி நின்றதும் கஞ்சியும் நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பவில்லை. பேச்சே இல்லை. எலும்பில் தோல் ஒட்டிக்கொண்டது. அவள் பயந்து போனாள். கால் போகிறதோ இல்லையோ, இந்த மனுஷர் மனசு வெறுத்தே போய்விடுவார் என்று தோன்றியது. சமையற்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதது பக்கத்து வீடு வரை கேட்டது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான்.

அப்போதுதான் அவளுக்குச் சீனிக்குப் பதில் பழம் என்று தோன்றியது.

முதலில் அன்னாசி. கொல்லையில் இருந்த இரண்டு கைதச்சக்கையை நறுக்கிப் பிழிந்து சாறெடுத்துச் சுண்டக் காய்ச்சி, காப்பியில் ஒரு கரண்டி விட்டாள். பால் திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. மறுநாள் பாலை ஆறவைத்து விட்டுப் பார்த்தாள். அப்போதும் திரிந்தது. பால் கிடைக்கிற காலமா அது? பால்காரி ஒரு நாழிப் பாலில் அரை நாழி ஆற்றுத் தண்ணீர் கலந்து கொண்டுவருவாள். அதையும் இரண்டு நாள் கொட்டியாயிற்று.

இடவ மாசம் பாதியாகி, இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது. கொல்லைக் கோடியில் ஒரு பலாமரம். கூழன் சக்கை. வருக்கைச் சக்கை என்றால் சுளை மொறுமொறுவென்று இருக்கும், பிரதமனுக்கு ஆகும். கூழன் வாயில் போட்டால் நழுவி ஓடும், நாராக இருக்கும். அதை யாரும் மதிப்பதில்லை. மழையில் பழுத்துத் தொப்பென்று விழும், பசு தின்னும். அன்றைக்கும் ஒன்று விழுந்து பிளந்து கிடந்தது. அனந்தலக்ஷ்மி ஒரு சுளையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. புளிப்பு கொஞ்சமும் இல்லை. புளிப்பு இல்லையென்றால் பால் திரியாது.

உள்ளங்கையிலும் அரிவாள்மணையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். சுளையைப் பிய்த்து, கொட்டையை ஒதுக்கி, மிச்சத்தைக் கையாலேயே பிசைந்தாள். துவைத்த ஈரிழைத் துண்டில் கட்டி, முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள். நார் துண்டுக்குள் நின்றது. பொன் நிறத்தில் ஒரு இடங்கழி, அதாவது நாலு நாழிச் சாறு கிடைத்தது. வெண்கல உருளியில் விட்டு அடுப்பிலேற்றினாள். விறகெல்லாம் மழையில் நனைந்து புகைந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது. நுரை பொங்கப் பொங்க எடுத்துக் கொட்டினாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சாறு பாதியாயிற்று. வீடு முழுக்கப் பழ வாசனை நிறைந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பத்து நாளைக்கப்புறம் வந்த குரல்.

"தீயைக் குறை. அடி பிடிக்கப் போறது."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. "என்னன்னா சொன்னேள்?"

"தீயைக் குறைன்னேன். கைவிடாமக் கிளறு. ஓரத்திலே முத்து முத்தாக் கொதி வர்றதா?"

"வர்றது."

"இனிமே எட்டப் போகாதே. ஒரு சொட்டு எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுலே வச்சுப் பாரு."

அவள் எடுத்து ஊதி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்தாள். நூல் போல ஒரு இழை நீண்டது. அப்படியே ஓடிவந்து கதவு இடுக்கில் நின்று காட்டினாள்.

"கம்பி இழுக்கறதுன்னா!"

தாணுவையர் திரும்பிப் படுத்து அவள் விரலையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பதம் ஆயிடுத்து. இறக்கு" என்றார்.

ஒரு இடங்கழி சாறு முக்கால் நாழிப் பாகாகச் சுருங்கியிருந்தது. தேன் நிறம். ஆறவைத்துப் பீங்கான் பரணியில் ஊற்றினாள். டிகாஷன் இறக்கி, பாலைக் காய்ச்சி, ஒரு கரண்டிப் பாகு விட்டு ஆற்றினாள். திரியவில்லை. பித்தளை டம்ளரில் கொண்டுபோய் நீட்டினாள்.

"இதுலே சீனி இல்லே, சர்க்கரை இல்லே. வெறும் பழம். ஏகாதசிக்கே தோஷமில்லாதது. பத்தியத்துக்கு ஒண்ணும் வராது."

அவர் கை நீட்டி வாங்கினார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். முழுசையும் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து நாக்கில் ஒரு சொட்டு விழ விட்டார்.

"இன்னும் ஒரு அரை டம்ளர் இருக்குமா, அனந்தம்?"

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணமான நாளில்கூட வந்ததில்லை.

பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் விசேஷம் மாதிரி இருந்தது. மழை விடாமல் பெய்தது, சக்கை விழுந்துகொண்டே இருந்தது, அவள் காய்ச்சிக்கொண்டே இருந்தாள். தாணுவையர் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி குடித்தார். ஒரு நாளைக்கு நாலு, பிறகு ஐந்து டம்ளர். பழைய கல்யாணக் கதையெல்லாம் சொன்னார். சம்பந்திச் சண்டையில் ஒருவர் பாயச அண்டாவுக்குள் தலைப்பாகையை எறிந்ததைச் சொல்லிச் சிரித்தார். அடுத்தாத்து ஜெயலக்ஷ்மி ஒரு கரண்டிப் பாகு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் தெருவில் பாதி வீட்டுக்கொல்லையில் சக்கைச் சாறு கொதித்தது. "மன்னி, நீங்க ரேஷன் ஆபீஸரையே தோக்கடிச்சுட்டேள்" என்றான் சேஷன். தாணுவையரின் தம்பி, எதிர்வரிசையில் குடியிருந்தான், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா.

தாணுவையருக்குத் தாகம் அதிகமாயிற்று. கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தார். வாய்க்கு ருசி வந்துவிட்டது, அதனால் தாகம் என்று அனந்தலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். கொல்லையில் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு கறுப்பாக மொய்த்தது. சக்கை மடல் கிடக்கிறது, அதனால் எறும்பு என்று நினைத்துக்கொண்டாள். நாம் ஒன்றை நம்பிவிட்டால் ஊரில் இருக்கிற எறும்பெல்லாம் நமக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும்.

காலுக்கு அவளால் காரணம் சொல்ல முடியவில்லை. புண் ஓரம் முதலில் நீலமாயிற்று. பிறகு சுண்டுவிரல் கறுத்தது. ஒரு காலையில் கட்டை அவிழ்த்தபோது வந்த நாற்றத்தில் அவள் வாசல் வரைக்கும் ஓடி வாந்தியெடுத்தாள். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"சேஷா, வண்டி கொண்டா. அண்ணா கால் கறுத்துப்போச்சு."

ஆஸ்பத்திரியில் தங்கபாய் என்று ஒரு நர்ஸ். மார்த்தாண்டத்துக்காரி, கிறிஸ்தவ வேதக்காரி, நாற்பது வயசிருக்கும். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் அழுத்திப் பார்த்தார். மூத்திரம் பிடிக்கச் சொன்னார். தங்கபாய் வராந்தா மேஜையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினாள். அனந்தலக்ஷ்மி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இது என்ன பண்றேள்?"

"சும்மா பாருங்கம்மா. இனிப்பு இல்லன்னா இது நீலமாட்டே இருக்கும். கொஞ்சம் உண்டுன்னா பச்சை. கூடுதல்னா மஞ்ச. அதுக்கும் மேலன்னா..."

கொதித்ததும் நீலம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பச்சை, மஞ்சள் ஒன்றிலும் தங்காமல் செங்கல் நிறமாகி அடியில் கலங்கி நின்றது. தங்கபாய் விளக்கை ஊதி அணைத்தாள்.

"சோறு குடுத்தியளா?"

"பகவான் ஆணை, ஒரு பருக்கை குடுக்கலே."

"சீனி?"

"ஊர்லே ஏது சீனி? கருப்பட்டி, தேன் ஒண்ணும் கிடையாது. பத்தியம் நான் தப்பவே இல்லே."

"அப்பம் காப்பிய எப்பிடிக் குடிச்சாவ?"

அனந்தலக்ஷ்மி சொன்னாள். எண்ணெய் தடவிக்கொண்டது, துண்டில் பிழிந்தது, உருளியில் ஒரு இடங்கழி முக்கால் நாழியானது எல்லாம் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"நாலு... அஞ்சு."

"எம்மோ" என்று தங்கபாய் குழாயைக் கீழே வைத்தாள். "ஏன்ம்மா இப்பிடிச் செஞ்சிய?"

"பழம்தானே? ஏகாதசிக்கே பழம் தோஷமில்லையே?"

தங்கபாய் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"விரதத்துக்கு உள்ள கணக்கு இதுக்கு ஆவாதும்மா. பழத்துக்குள்ள இருக்கதும் சீனிதான். நீங்க அதக் காய்ச்சிக் குறுக்கி, ஒரு சக்கையை ஒரு குப்பிக்குள்ள ஆக்கிக் குடுத்திருக்கிய. நேரா சீனிய அள்ளி வாயில போட்டாலும் இதுதாம்."

அனந்தலக்ஷ்மி வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தீட்டு, ஈரம் ஒன்றும் பார்க்கவில்லை. பாகு கிளறிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. நான் கொன்றுவிட்டேன், நான் கொன்றுவிட்டேன் என்று வாய் மட்டும் அசைந்தது.

டாக்டர் சேஷனைக் கூப்பிட்டுச் சொன்னார். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். நாளை தாண்டினால் எடுத்தும் பிரயோஜனமில்லை. பிரமேகத்துக்கு உண்டான ஊசி மருந்து கப்பலில் வர வேண்டும், யுத்தத்தில் எந்தக் கப்பல் வருகிறது, இருக்கிற நாலு குப்பியைப் போட்டுப் பார்க்கலாம். நோயாளி ஒப்பிட வேண்டும், அதாவது சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தாணுவையர் மாட்டேன் என்றுவிட்டார்.

மத்தியானம் சேஷன் சாப்பிடப் போன சமயத்தில் அனந்தலக்ஷ்மி கட்டிலருகே போனாள். நல்ல காலைப் பிடித்துக்கொண்டு தலையை அதில் வைத்தாள்.

"நான்தான்னா. நான் குடுத்ததுதான். பழம்னு நெனச்சேன். என்னெ என்ன வேணா பண்ணுங்கோ, ஆனா ஒப்புப் போடுங்கோ."

"எழுந்திரு, அனந்தம். நாலு பேர் பாக்கறா."

"பாக்கட்டும்."

"எழுந்திரு. நேக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ அன்னிக்குக் கம்பி இழுத்துக் காட்டினயே, அப்பவே தெரியும். முப்பது வருஷம் பாகு காய்ச்சினவனாக்கும் நான். சீனிச்சத்து இல்லாம எது கம்பி இழுக்கும்?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் காலை விட்டுவிட்டாள்.

"தெரிஞ்சா குடிச்சேள்?"

"நேக்கு வேண்டியிருந்தது. வாயெல்லாம் மண்ணாப் போயிருந்தது அனந்தம், அந்த வாசனை வந்ததும் என்னாலே முடியலே. நீ தெரியாம குடுக்கறே, உனக்குப் பாபமில்லேன்னு சமாதானம் பண்ணிண்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா நிறுத்தியிருப்பே."

மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து வராந்தா ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குரல் அதற்கு மேலே எழுந்தது.

"மழையிலே நனைஞ்சு நனைஞ்சு பொறுக்கினேனே! புகையிலே கண்ணவிஞ்சு கிளறினேனே! ஒவ்வொரு டம்ளரையும் நீங்க குடிக்கறப்போ பகவானுக்கு நமஸ்காரம் பண்ணினேனே! தெரிஞ்சுண்டு என் கையாலே வாங்கிக் குடிச்சேளே. என்னெ எதுக்குன்னா கொலைகாரி ஆக்கினேள்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். தாணுவையர் கூரையிலிருந்து பார்வையை அவள் பக்கம் திருப்பினார்.

"தப்புதான்" என்றார். "அதனாலேதான் சொல்லறேன், உன் பேர்லே தோஷம் ஒண்ணும் இல்லே. என்னெ முழுசா அனுப்பிச்சுடு. ஒத்தைக் காலோட அடுப்புக்கு முன்னாடி எப்படி நிப்பேன்? நிக்காத தேகண்டக்காரனுக்கு எவன் வெத்திலை பாக்கு வைப்பான்? கட்டில்லே கிடந்து நீ ஊட்டி நான் திங்கறதுக்கா? வேண்டாம். மதி, போறும்."

மறுநாள் காலையில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. மூச்சு ஆழமாக, அவசர அவசரமாக வந்தது. குனிந்து அவர் வாயருகே காது வைத்த அனந்தலக்ஷ்மிக்கு அழுகின பழத்தின் வாடை அடித்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இனிமேல் அவர் சொல்லுகிற நிலையில் இல்லை, அடுத்த சொந்தக்காரர் ஒப்பிட்டால் இன்றைக்கே எடுக்கலாம் என்றார். சேஷனைப் பார்த்துத்தான் சொன்னார்.

சேஷன் அவளைத் தனியே அழைத்தான். அவனும் அழுதிருந்தான்.

"மன்னி, அண்ணா தெளிவா வேண்டாம்னு சொல்லியாச்சு. அங்கஹீனமாப் போனா அப்பா திவசத்துக்குக்கூட உக்கார முடியாதும்பா. எடுத்தாலும் பிழைக்கறது பாதிக்குப் பாதின்னு டாக்டரே சொல்றார். எதுக்கு அறுத்துக் கஷ்டப்படுத்தணும்? ஆத்துக்குக் கொண்டுபோயிடுவோம். காவேரி ஜலம் இருக்கு, வாயிலே விட்டு, நிம்மதியா..."

"பாதி இருக்கா?"

"என்ன?"

"பாதிக்குப் பாதி பிழைப்பார்னு சொன்னாரா?"

"சொன்னார். ஆனா மன்னி, அண்ணாவோட இஷ்டம்..."

"அவர் இஷ்டத்துக்கு மூணு வாரம் குடிச்சாச்சு சேஷா. அப்போ என்னெ யாரும் கேக்கலே."

அவள் போய் மேஜைமுன் நின்றாள். டாக்டர் காகிதத்தைச் சேஷன் பக்கம் நீட்டினார். அவள் கை நீட்டி நடுவில் வாங்கிக்கொண்டாள். தங்கபாய் பேனாவைத் தோய்த்துக் கொடுத்து, இடத்தை விரலால் காட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லட்டாம்மா?"

"வாசியுங்கோ. ஒரு வார்த்தை விடாம வாசியுங்கோ. இனிமே ஒண்ணும் தெரியாம நான் பண்ண மாட்டேன்."

தங்கபாய் வாசித்தாள். உயிர் போனாலும் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன் என்கிற இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். அனந்தலக்ஷ்மி தலையாட்டினாள். தாணுவையர் பாரியை அனந்தலக்ஷ்மி என்று தமிழில், குண்டு குண்டாக எழுதினாள். சேஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணி சுமாருக்கு அவர் கண் விழித்தார். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதியில் சப்பையாகவும் இருந்தது. கையால் தடவப் போனவர், எட்டாமல் விட்டுவிட்டார்.

"யார் ஒப்புப் போட்டது? சேஷனா?"

"நான்."

"நான் வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னேள். கேட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை. அவளும் துடைக்கவில்லை.

"என்னெ விட்டிருக்கப்படாதா, அனந்தம்? இனிமே நான் இருந்து என்ன பண்ணப்போறேன்?"

"இருக்கணும்" என்றாள் அவள். "ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் போடற கசப்புக் காப்பியைக் குடிச்சுண்டு, என் கண்ணு முன்னாடி இருக்கணும்."